அத்தையின் வயிற்றில் அடைத்தது

எங்கள் ஊரில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் விற்கும் அளவைப் பார்த்தால், நார்வேயிலேயே பளபளப்பான சட்டி பானை எங்களிடம்தான் இருக்க வேண்டும். த்ரொண்ட்ஹைம் நகரத்திலிருந்து சரக்கு இறக்க வரும் மொத்த வியாபாரி ஒருமுறை வாய்விட்டே கேட்டான்: "என்னப்பா தோர்லைஃப், உங்க ஊர்ல மொத்தமே நாப்பது அம்பது வீடு. இத்தனை நாரை வெச்சு என்னதான் பண்றீங்க?" சுத்தம் என்றால் எங்களுக்கு உயிர் என்றேன். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அடுத்த முறை கேட்காமலே இரண்டு பெட்டி கூடுதலாக இறக்கிவிட்டு, போகும்போது ஒரு பாட்டிலை வாங்கி இருக்கைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள், அதிகாரியம்மா. பயப்படாதீர்கள், வெறும் காபிதான். நீங்கள் வேலையாக வந்திருக்கிறீர்கள், எனக்கும் வரம்பு தெரியும். வாஃபில் இன்னும் சூடாக இருக்கிறது.

நீங்கள் கேட்பது ஹல்வோர் செத்ததைப் பற்றி. நேற்று உங்கள் ஆட்கள் கடலுக்குள் முங்கி ஒரு குழாயை மேலே தூக்கினார்களே, அதைப் பற்றி. இரண்டையும் சொல்கிறேன். ஆனால் நாரைப் பற்றித் தெரியாமல் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. நகரத்தில் வளர்ந்தவர் நீங்கள்.

வீட்டில் சாராயம் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். ஆகவே எங்கள் ஊரில் யாரும் காய்ச்சுவதில்லை. எல்லோர் நிலவறையிலும் அது இருக்கிறது, அவ்வளவுதான். கரையோரம் இருக்கும் எங்கள் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரே கருவி. அடியில் பழைய பால் கேன், அதன்மேல் ஆளைவிட உயரமாக ஒரு எவர்சில்வர் குழாய். அதற்கு அத்தை என்று பெயர். தொலைபேசியில் யார் ஒட்டுக்கேட்டாலும் பாதகமில்லை என்று அந்தக் காலத்தில் வைத்தது. "அத்தை இப்போ யார் வீட்ல?" என்று கேட்பார்கள். "எங்க வீட்லதான், சனிக்கிழமை பேதர் வீட்டுக்குக் கிளம்புறா." "உடம்பு எப்படி இருக்கு?" "நல்லா இருக்கா, மூக்குதான் லேசா ஒழுகுது." என் மகள் சிக்னே சின்னவளாக இருந்தபோது, டிராக்டரில் சாக்குப் போர்த்தி வந்து இறங்கிய அத்தையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இந்த அத்தைக்கு ஏன் முகமே இல்லை என்று அழுதாள்.

குழாய் பொதுச் சொத்து. ஆனால் குழாய்க்குள் அடைப்பது அவரவர் சொந்தம். இது எங்கள் வழக்கம். காய்ச்சி முடித்ததும் வயிற்றில் இருப்பதை உருவி, கழுவி, காயவைத்து அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடுதான் அத்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவன் நாரை இரவல் கேட்பது, அடுத்தவன் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கேட்பது மாதிரி.

ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கொதிக்கும் ஊறலிலிருந்து ஆவி மேலே ஏறுகிறது. வழியில் ஒட்டி நிற்க நிறைய இடம் கிடைத்தால், தண்ணீரும் துர்நாற்றமும் அங்கேயே சொட்டிக் கீழே இறங்கிவிடும், நல்லது மட்டும் மேலே போகும். அந்த இடத்தைக் கொடுப்பதுதான் நாரின் வேலை. எதைப் போட்டால் சரிப்படும் என்பதில் ஊரில் ஆளுக்கு ஒரு கட்சி. பேதர் ஒரு வருடம் கோலிக்குண்டு போட்டான். அந்தக் கோடை முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாடக் குண்டு கிடைக்கவில்லை, அவனுக்கும் நல்ல சரக்கு கிடைக்கவில்லை. வழவழப்பில் எது தங்கும்? இன்னொருவன் மீன் சுடும் அடுப்பிலிருந்த எரிமலைக் கல்லைக் கழுவிப் போட்டான். வந்தது சாராயம்தான், ஆனால் கானாங்கெளுத்தி வாசத்தோடு. கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். கூட்டுறவுக் கடையை முப்பது வருடமாக நான்தான் நடத்துகிறேன். காசு உள்ளவனுக்குச் செம்பு நார், நடுத்தரத்துக்கு எவர்சில்வர் நார். ஒவ்வொருவரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: எதை அடைத்தாலும் கையால் அடை, கட்டையால் இடிக்காதே. ஆவி ஏறுவதற்கும் தண்ணீர் இறங்குவதற்கும் இருப்பது அந்த ஒரு வழிதான். வழி அடைபட்டால் பால் கேனே குண்டாகிவிடும்.

இதை ஊரில் என்னைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹல்வோர் என் நண்பன். இருவரும் ஒரே பள்ளி, ஒரே தேவாலயம், அடுத்தடுத்த வீடு. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவன் நுழைந்தால் அறையில் மற்றவர்களுக்கு இடம் குறைந்துவிடும். ஆனால் எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான். அதையும் அவன் ஒரு வேடிக்கையாகவே செய்ததால் யாருக்கும் கோபம் வராது. நான் கடன் கொடுத்தால் கடைக்காரன் புத்தி என்பார்கள், அவன் கடன் கேட்டால் ஹல்வோருக்கு என்ன ஒரு குறும்பு என்பார்கள். உலகம் சிலருக்கு அப்படித்தான் வளைந்து கொடுக்கிறது.

என் மனைவி போனபோது சிக்னேவுக்கு ஆறு வயது. நான் கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை அவள் ஹல்வோர் வீட்டில்தான் இருப்பாள். அவன் மனைவி போர்கில்ட் சோறு போட்டாள். அவன் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தான். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவனும் அவன்தான். நன்றி கெட்டவன் அல்ல நான். ஆனால் வருடக்கணக்காக மாலையில் போய் என் பெண்ணை இன்னொருவன் மடியிலிருந்து கிளப்பிக் கூட்டிவருவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். எனக்கு எரியும். அதை நான் யாரிடமும் காட்டியதில்லை.

சரக்கு விஷயத்தில் மட்டும் நான்தான் மேலே இருந்தேன். கல்யாணமோ சாவோ, ஊர்க் காபியில் ஊற்றுவது என்னுடையதாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்துக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும்: கோப்பைக்குள் ஒரு காசைப் போட வேண்டும், காசு மறையும்வரை காபி ஊற்ற வேண்டும், மறுபடி தெரியும்வரை சாராயம் ஊற்ற வேண்டும். சரக்கு சுத்தமாக இருந்தால் அடியில் காசிலிருக்கும் ராஜாவின் மூக்குவரை தெரியும். என் சரக்கில் தெரிந்தது.

பிறகு, கப்பலில் வேலை பார்க்கும் ஹல்வோரின் மகன் ஜெர்மனியிலிருந்து பீங்கான் வளையங்கள் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. ஹல்வோர் அதை அத்தையின் வயிற்றில் போட்டான். வந்தது ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. நான் பொய் சொல்லமாட்டேன். நன்றாக இருந்தது.

சென்ற வருடம் சிக்னேவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அவளுக்காகக் காய்ச்சினேன். புதுச் செம்பு நார் வாங்கினேன், என் கடையிலேயே நான் காசு கொடுத்து வாங்கியதில் அதுதான் விலை அதிகம். ஒவ்வொரு கேனையும் இரண்டு தடவை அத்தைக்குள் ஓட்டினேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இதோ இந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கோச்சுக்கக் கூடாது. காபிக்கு ஹல்வோர் மாமாவோட சரக்கையே வெச்சுக்கலாமா?"

"ஏம்மா, என்னோடதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. குடிச்சா மறுநாள் தலைவலிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தாம்ப்பா."

சரி என்றேன். கல்யாணத்தில் ஹல்வோர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "பொண்ணைக் குடுத்தது தோர்லைஃப். ஆனா விடிய விடிய உங்களையெல்லாம் ஆட வெச்சது யாருன்னு மறந்துடாதீங்க!" கூரை பறக்கும்படி சிரித்தார்கள். சிக்னே எழுந்து போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நானும் சிரித்தேன். என் கேன்கள் நிலவறையில் வரிசையாக, மூடி திறக்காமல் இருந்தன.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அடுத்த கோடைவரை கடைக்கு வந்தவர்கள் பாலுக்கும் ரொட்டிக்கும் நடுவே, "கல்யாணக் காபி பிரமாதம், தோர்லைஃப்!" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்கள். நான் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தேன்.

இலையுதிர்காலத்தில் ஹல்வோர் கடைக்கு வந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய முறை அவனுடையது.

"தோர்லைஃப், அடுத்த வாரம் அத்தை எங்க வீட்டுக்கு வர்றா. வயித்துக்குப் போட மலிவா ஏதாச்சும் குடு."

"உன் ஜெர்மன் வளையம் எங்க?"

"வித்துட்டேன்டா. த்ரொண்ட்ஹைம்ல ஒரு பல் டாக்டர். வாங்கின விலைக்கு மூணு மடங்கு குடுத்தான், முட்டாப்பய."

"அப்புறம் எப்படி அந்தச் சரக்கு வரும்?"

அவன் தன் பெரிய கையை என் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினான். "வளையத்துல என்னடா இருக்கு? எல்லாம் கைப்பக்குவம். உனக்கு வராதது எனக்கு வருது, அவ்ளோதான். நீ என்ன நாரைக் குடுத்தாலும் நான் அதே சரக்கை எறக்கிக் காட்டுறேன் பாரு."

செம்பு நாரைக் காட்டினேன். விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடித்தான். எவர்சில்வர் நாரைக் காட்டினேன். "அதுக்கும் கீழ ஒண்ணும் இல்லியா?" என்றான்.

இருந்தது. மரத்தரை மெருகேற்றும் இரும்புப் பஞ்சு. முடியைவிட மெல்லிய இழை, நனைந்தால் களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். தச்சன் ஒருவன் சொல்லி வாங்கி, அவன் ஊரைவிட்டுப் போனதால் கிடங்கில் கிடந்த மூட்டை. அதை அத்தைக்கென்று நான் யாருக்கும் விற்றதில்லை. ஆனால் வாடிக்கையாளர் மலிவானதைக் கேட்டார், இருப்பதில் மலிவானது அது. கடைக்காரனின் கடமை அதோடு முடிகிறது. பாதி விலை சொன்னேன். கால் விலைக்குக் கேட்டான். கொடுத்தேன். அந்த வியாபாரத்தில் எனக்கு ஒரு காசுகூட லாபமில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அத்தை வந்த அன்று காலை, கடை திறக்கும் முன் அவன் படகுக் கொட்டகைக்குப் போனேன். கேஸ் அடுப்பின்மேல் கேன் தயாராக இருந்தது. அவனுடைய படகு அடிப்பலகை கழற்றிய நிலையில் கவிழ்த்துப் போட்டுக் கிடந்தது. செப்டம்பரிலிருந்து அப்படியே கிடந்தது, பலகை வாங்க மனம் வராமல். பஞ்சை நான்தான் அடைத்தேன். துடுப்பின் காம்பால் இடித்து இடித்து அடைத்தேன்.

"இவ்ளோ இறுக்கமா வேணுமாடா?" என்றான்.

"இறுக்க இறுக்கத்தான் சுத்தம்."

"நீ சொன்னா சரி."

மற்ற எதிலும் அவன் என்னைக் கேலிதான் செய்வான். நாரில் மட்டும் நம்பினான். அந்த நம்பிக்கை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் நினைத்தது இவ்வளவுதான்: ஒரு ஊறல் கெட்டுப்போகும். ஒன்றும் சொட்டாது. கிறிஸ்துமஸுக்கு அவன் வெறுங்கையோடு வருவான், யாராவது என் நிலவறையை நினைத்துக்கொள்வார்கள். இதில் என்ன தவறு? சொட்டாவிட்டால் புத்தியுள்ளவன் அடுப்பை அணைத்துவிட்டுத் திறந்து பார்ப்பான். ஹல்வோர் அணைக்கமாட்டான். ஆறவைத்து மறுபடி சூடேற்றினால் கேஸ் வீண். அவன் தீயைக் கூட்டிவிட்டு, பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பான். அப்படித்தான் பார்ப்பான். நாற்பது வருடப் பழக்கம், எனக்குத் தெரியாதா?

மதியத்துக்கு மேல் போர்கில்ட் கடைக்கு வந்தாள். கிரீம் வாங்கிக்கொண்டு கிளம்பியவளை நான் விடவில்லை. அவள் மகனின் கப்பலைப் பற்றி விசாரித்தேன், புதிதாக வந்த கம்பளி நூலை எடுத்துப் பரப்பினேன். "இருட்டுதே, போகணும்" என்று இரண்டு முறை சொன்னாள். நவம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். நான் அவளுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்தேன். வீட்டுக்குப் போயிருந்தால் நேரே கொட்டகைக்குத்தான் போயிருப்பாள். சிக்னேவுக்குச் சோறு போட்டவள். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். இதை நான் இரக்கம் என்றுதான் சொல்வேன். வேறு என்ன பெயர் இருக்கிறது?

சத்தம் கேட்டபோது அவள் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேதரும் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அத்தை குறுக்கே விழுந்து கிடந்தாள். சுவரெல்லாம் ஊறல் வழிந்தது. எரிந்த சாக்கின்மேல் பேதர் மணல் கொட்டிக்கொண்டிருந்தான். ஹல்வோர் கவிழ்ந்த படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெந்திருந்தது. புருவமும் பாதி மீசையும் இல்லை. எங்களைப் பார்த்ததும், "அத்தை தும்மிட்டாடா" என்றான்.

சிரித்தார்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், போர்கில்ட்கூட அழுதுகொண்டே சிரித்தாள். பேசுகிறானே என்ற நிம்மதி. பேதர், "ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்" என்று வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றான். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே நீங்கள் வருவீர்கள். ஐந்து வீடும் மாட்டும். பேதரின் மகன் அப்போதுதான் சுங்கத்துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஊரில் முதலுதவிக்கு நான்தான். கூட்டுறவுச் சங்கம் வருடா வருடம் என்னைப் பயிற்சிக்கு அனுப்புகிறது. சான்றிதழ் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள்.

நான் குனிந்து பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். நாடி பிடித்துப் பார்த்தேன். ஹல்வோரே சொன்னான், "என்னை விடுங்கடா, முதல்ல அத்தையைப் பாருங்க." குரல் லேசாகக் கரகரத்தது. பார்த்துக்கொள்ளுங்கள், அவனே சொன்னது. என்னையும் சேர்த்து ஐந்து சாட்சி இருக்கிறது.

அதன்பிறகு அவர்கள் வேலை செய்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேவாலயத்துக்குக் கூரை போட்டபோதுகூட அப்படி ஒற்றுமை இல்லை. மூன்று பேர் அத்தையையும் கேனையும் பேதரின் படகில் ஏற்றி ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். போர்கில்டை நான் அவர்கள் நிலவறைக்கு அனுப்பி, இருக்கும் பாட்டிலையெல்லாம் கொட்டச் சொன்னேன். திரும்பி வந்தவர்கள் சுவரைக் கழுவி, தரையைக் கழுவி, மேலே பெயிண்ட் கரைப்பானைத் தெளித்தார்கள். எப்படியும் முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். நான் ஹல்வோர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பேசிக்கொண்டிருந்தான். கொட்டிப்போன ஊறலுக்கு எவ்வளவு சர்க்கரை போட்டான் என்று புலம்பினான். பிறகு குரல் இறங்கியது. பிறகு மூச்சு விடும்போது ஒரு சீழ்க்கை கேட்டது. வழி சுருங்கச் சுருங்க அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே போனது. எனக்கு அது புதிய சத்தம் அல்ல. நார் அதிகமாக அடைத்த குழாயும் அப்படித்தான் விசில் அடிக்கும்.

அப்போது என் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. சிக்னே. அவள் வளைகுடாவைச் சுற்றினால் வரும் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள்.

"அப்பா, ஹல்வோர் மாமா வீட்டுப் பக்கம் ஏதோ வெடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு இங்க பேசிக்கிறாங்க. யாருக்காச்சும் அடிபட்டுதா? நான் வரட்டுமா? வண்டி வெளியிலயே நிக்குது."

"ஒண்ணுமில்லம்மா. பெயிண்ட் டப்பா வெடிச்சுடுச்சு. மாமா நல்லா இருக்கார்."

"அவர்கிட்ட குடுங்க."

"படகுல போயிருக்கார்."

ஹல்வோர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பேச்சு நின்றுவிட்டது, காது நிற்கவில்லை. போனை நோக்கிக் கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசிவரை விடவில்லை. இதை போர்கில்டிடம் சொன்னபோது அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். அவர்கள் வரும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெயிண்ட் என்று எழுதிக்கொண்டார்கள்.

இந்த ஊர் உங்களிடம் பேசாது, அதிகாரியம்மா. ஒவ்வொருவனும் தான்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். பேதர் இரவில் தூங்குவதில்லை. "அந்த ரெண்டடியோட நிக்காமப் போயிருந்தா பொழைச்சிருப்பான்டா" என்று கடையில் நின்று அழுதான். நான் அவனுக்குக் காபி கொடுத்து ஆறுதல் சொன்னேன். பாவம், அவன் மேல் எதையும் போடாதீர்கள். ஆளைவிட்டுவிட்டு அத்தையைத் தூக்கச் சொன்னது யார் என்று எல்லோரிடமும் கேட்டீர்களாமே. ஹல்வோர் சொன்னான் என்றிருப்பார்கள். சொன்னான்தான். ஆனால் ஹல்வோர் சொல்வதற்கு முன்பே நான் நிமிர்ந்து சொல்லியிருந்தேன்: "பயப்பட ஒண்ணுமில்ல. நல்லாப் பேசுறான். அவசரமே இல்ல, முதல்ல அத்தையை எடுங்க." சான்றிதழ் வாங்கியவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

பயிற்சியில் இதை அழுத்தித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சூடான ஆவியை உள்ளே இழுத்தவன் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பான், அதில் ஏமாறாதே; குரல் கரகரத்தால் தொண்டை வீங்குகிறது என்று அர்த்தம், உடனே கூப்பிடு. தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. சரியாக எழுதினேன்.

ஆக, இரும்புப் பஞ்சைக் கொடுத்தது நான். இடித்து அடைத்தது நான். அவன் தீயைக் கூட்டுவான் என்று தெரிந்து போர்கில்டைப் பிடித்து வைத்தது நான். வாயைத் திறந்து பார்த்து, வீங்குவதைக் கண்டு, அவசரமில்லை என்றது நான். ஹல்வோரை நான்தான் கொன்றேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்களுக்கு யார் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவள்மேல் வருத்தமில்லை. உண்மை பேசச் சொல்லித்தான் வளர்த்தேன்.

அடக்கத்துக்குப் பிறகு சபைக் கூடத்தில் காபி. ஹல்வோரின் பாட்டில்கள் எல்லாம் கொட்டியாகிவிட்டன, அத்தையும் இல்லை. போர்கில்டே என் வீட்டுக்கு வந்து, "தோர்லைஃப், நீங்கதான் குடுக்கணும்" என்றாள். சிக்னே கல்யாணத்துக்குக் காய்ச்சிய கேன்களைத் திறந்தேன். ஒவ்வொரு கோப்பையிலும் நானே காசு போட்டேன், நானே ஊற்றினேன். ஊர் முழுக்கக் குடித்தது. பேதர் இரண்டு கோப்பை குடித்தான். மறுநாள் ஒருவருக்கும் தலைவலி இல்லை, கடையில் ஒவ்வொருவரையும் விசாரித்தேன்.

சிக்னே மட்டும் கோப்பையைத் தொடவில்லை. "அப்பா, நான் போன் பண்ணப்போ மாமா எங்க இருந்தார்னு சொன்னீங்க?" என்றாள்.

"படகுல."

"படகு கொட்டகைக்குள்ள அடிப்பலகை இல்லாமக் கெடக்குதேப்பா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நான் அழைத்தால் எடுப்பதில்லை.

நீங்கள் அவளைப் பார்ப்பீர்கள் அல்லவா? ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். அவளுடைய கோப்பையை நான் கொட்டவில்லை. அதோ ஜன்னலோரத்தில் இருக்கிறது, குனிந்து பாருங்கள், அடியில் ராஜாவின் மூக்குவரை தெரிகிறது. அன்று ஒரே ஒரு வாய் குடித்திருந்தால், யாருடையது நல்ல சரக்கு என்று அவளே ஒத்துக்கொண்டிருப்பாள்.